எரிச்சல் தணிக்கும் சீரம்: சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

சிறு அளவில் சருமப் பராமரிப்புப் பொருட்களை விற்கத் தொடங்கியிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “வல்லாரைச் சாறும் பாந்தெனாலும் (வைட்டமின் பி5-இன் ஒரு வடிவம்) சேர்ந்த சீரம் ஒன்றை ஒப்பந்த உற்பத்தியாளரிடம் செய்து வாங்குகிறேன். அட்டையில் ‘சரும எரிச்சலைத் தணிக்கும்’ என்று அச்சிட விரும்புகிறேன். சோதனைக்கூடங்களுடன் தொடர்புள்ள முகவர் ஒருவர், 50 பேரிடம் பேட்ச் டெஸ்ட் செய்து, யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை என்ற அறிக்கையை இரண்டே வாரங்களில் வாங்கித் தருவதாகவும், அதுவே போதும் என்றும் சொல்கிறார். போதுமா?”

போதாது. அந்த அறிக்கை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அது நீங்கள் கேட்காத கேள்விக்கான விடை. பேட்ச் டெஸ்ட் என்பது, நல்ல நிலையில் உள்ள சருமத்தின் மேல் உங்கள் சீரத்தை வைத்து மூடி, அது சருமத்தைப் புண்படுத்துகிறதா என்று பார்ப்பது. அதன் விரிவான வடிவத்தில், சுமார் மூன்று வாரங்களில் ஒன்பது முறை ஒட்டி, இரண்டு வாரம் ஓய்வு விட்டு, பிறகு வேறோர் இடத்தில் மீண்டும் ஒட்டி, ஒவ்வாமை உருவாகியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். (இதற்கே ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், இரண்டு வாரத்தில் கிடைப்பது அந்த விரிவான சோதனையும் அல்ல.) இரண்டில் எதைச் செய்தாலும் தெரியவருவது உங்கள் சீரம் கெடுதல் செய்யவில்லை என்பது மட்டுமே. வெறும் தண்ணீரும் இந்தச் சோதனையில் தேறிவிடும். அதற்காகத் தண்ணீர் எரிச்சலைத் தணிக்கும் என்று யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை.

தணிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அங்கே எரிச்சல் இருக்க வேண்டும். ஆகவே முறையான சோதனையில், ஒப்புதல் தந்த ஆரோக்கியமான தன்னார்வலர்களின் முன்கையில் வேண்டுமென்றே லேசான எரிச்சலை உண்டாக்குவார்கள். சோப்புகளிலும் ஷாம்புகளிலும் நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்ஃபேட்டை ஒன்றிரண்டு சதவீதக் கரைசலாக்கி, ஒரு நாள் மூடி வைப்பது பரவலான முறை. ஒட்டு நாடாவைத் திரும்பத் திரும்ப ஒட்டி உரித்து மேல்தோலை மெலியச் செய்வது இன்னொன்று. பிறகு சீரத்தைத் தடவி, சிவப்பு எவ்வளவு குறைகிறது, சருமத்தின் வழியே ஆவியாகி வெளியேறும் நீர் எவ்வளவு குறைகிறது என்று கருவிகளால் நாள்தோறும் அளப்பார்கள். நல்ல நிலையில் உள்ள முன்கைச் சருமத்தில் இந்த நீரிழப்பு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மணி நேரத்தில், சுமார் 5 முதல் 10 கிராம் வரை இருக்கும். மேல்தோலின் தடுப்பு குலைந்தால் அது பல மடங்கு உயரும்.

பெரும்பாலான ஏமாற்று நடக்கும் இடம் இதற்கு அடுத்தது என்பதால் இங்கே சற்று நின்று கவனியுங்கள். இப்படி உண்டாக்கிய எரிச்சல், எதையும் தடவாமல் விட்டாலும் சில நாட்களில் தானே அடங்கத் தொடங்கிவிடும். எனவே “ஏழு நாட்களில் சிவப்பு 40 சதவீதம் குறைந்தது” என்று ஓர் அறிக்கை சொன்னால், அந்த நாற்பதில் எவ்வளவு சீரத்தால் குறைந்தது, எவ்வளவு காலத்தால் குறைந்தது என்று அந்த எண்ணை மட்டும் வைத்து எவராலும் சொல்ல முடியாது. அதைப் பிரித்துக் காட்டத்தான், அதே ஆளின் அதே கையில் குறைந்தது மூன்று இடங்களில் எரிச்சலை உண்டாக்க வேண்டும் என்கிறோம்: ஓர் இடத்தில் எதுவும் தடவக் கூடாது, ஓர் இடத்தில் உங்கள் சீரத்தைத் தடவ வேண்டும், மூன்றாவதில் வல்லாரையும் பாந்தெனாலும் இல்லாத, மற்றபடி அதே கலவையான வெறும் சீரத்தைத் தடவ வேண்டும். இந்த மூன்றாவது இடத்தைத்தான் மலிவான சோதனைகள் கைவிடுகின்றன. காரணம் எளிது: கிளிசரினும் ஈரப்பசையும் உள்ள எந்த நல்ல அடிப்படைக் கலவையும் தன்னளவிலேயே ஓரளவு எரிச்சலைத் தணிக்கும்; அதனுடன் ஒப்பிட்டால் விளம்பரத்தில் பெயர் சொல்லப்படும் மூலிகையின் பங்கு பெரும்பாலும் சுருங்கிவிடும். எந்த இடத்தில் எதைத் தடவுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். மணிக்கட்டுப் பக்கத்துச் சருமமும் முழங்கைப் பக்கத்துச் சருமமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அளப்பவருக்கும் எது எதுவென்று தெரியக் கூடாது.

அளக்கும் நேரமும் முக்கியம். சீரம் தடவிய உடனே அளந்தால், அதன் மேல் படலம் நீரை மறிப்பதால் சருமம் தேறிவிட்டது போலத் தோன்றலாம். அல்லது சீரத்திலுள்ள நீரே ஆவியாகி, நிலைமை மோசமானது போலவும் தோன்றலாம். இரண்டும் பொய். கடைசியாகத் தடவிப் பல மணி நேரம் கழித்து, குளிர்ச்சியான, ஈரப்பதம் நிலையாக உள்ள அறையில், தன்னார்வலரைக் குறைந்தது கால் மணி நேரம் அமரவைத்த பின் அளக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: சிவப்பை அளக்கும் கருவி சருமத்தின் இயல்பான நிறத்தாலும் பாதிக்கப்படுவதால், வெளிர் சருமத்தினரிடம் மட்டும் செய்த சோதனையைக் கருமையான சருமத்தினருக்குக் காட்டி விற்பது நியாயமில்லை.

மூலப்பொருள் விற்பவர் தரும் வண்ணக் கையேடும் உங்களுக்குச் சான்று ஆகாது. அதில் உள்ள வரைபடங்கள் பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களின் மேல், அவர்கள் விருப்பப்படி தேர்ந்தெடுத்த அடர்த்தியில் செய்த சோதனைகளிலிருந்து வந்தவை. உங்கள் சீரத்தில் அந்தச் சாறு எத்தனை சதவீதம் என்று உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் தயங்கினால் அதன் பொருளை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்த பொறி, “பயன்படுத்தியவர்களில் 93 சதவீதம் பேர் சருமம் அமைதியடைந்ததாக உணர்ந்தனர்” என்ற வகை வாக்கியம். இது கருத்துக் கணிப்பு. இலவசமாகக் கிடைத்த ஒன்றை, சோதிப்பது தணிக்கும் சீரம் என்று முன்பே சொல்லிக் கொடுத்து, பிறகு தணிந்ததா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? சிறிது மெந்தால் சேர்த்துவிட்டால் இந்தச் சதவீதம் இன்னும் ஏறும். மெந்தால் குளிர்ச்சியை அறியும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறதே தவிர, புண்பட்ட மேல்தோலைச் சீராக்குவதில்லை.

ஆனால் கருத்துக் கேட்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை விளக்கியாக வேண்டும். சிலருக்குச் சருமம் பார்க்க முற்றிலும் இயல்பாக இருக்கும். சிவப்பு இருக்காது, நீரிழப்பும் கூடியிருக்காது. ஆனால் எதைத் தடவினாலும் சுருக்கென்று குத்தும், காந்தும். இவர்களுடைய துன்பத்தை எந்தக் கருவியும் காட்டாது. அவர்கள் வாயால் சொல்வதுதான் அளவு. இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பில், ஒரு பக்கம் 10 சதவீத லாக்டிக் அமிலத்தையும் மறுபக்கம் எரிச்சல் தராத வெறும் நீரையும் தடவி, சில நிமிடங்கள் வரை குத்தலின் அளவைப் பூஜ்யம் முதல் மூன்று வரை சொல்லச் சொல்வார்கள். நீர் தடவிய பக்கமும் குத்துகிறது என்பவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அமிலத்துக்கு மட்டும் உண்மையாகவே குத்தல் உணர்பவர்களைத் தேர்ந்து, சீரம் பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் இதைச் செய்து, இங்கும் வெறும் கலவையைப் பயன்படுத்திய ஒரு குழுவோடு ஒப்பிட்டால், அந்தக் கருத்துக் கணிப்பை நான் முழு மனதோடு ஏற்பேன். உங்கள் சீரம் இத்தகையவர்களுக்கானது என்றால், சிவப்பை அளப்பதைவிட இதுவே பொருத்தமான சோதனை.

முகவர் காட்டும் முடிவு அளவுக்கு மீறி நன்றாக இருந்தாலும் எச்சரிக்கை தேவை. ஓரிரு நாளில் சிவப்பு முழுவதும் மறைந்தது என்றால், ஒப்பந்த உற்பத்தியாளர் உங்களுக்குத் தெரியாமல் ஸ்டீராய்டு கலந்திருக்கிறாரா என்று வேறொரு ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்றவை ரத்த நாளங்களைச் சுருக்கிச் சிவப்பை விரைவில் அடக்கும். மாதக்கணக்கில் முகத்தில் தடவியவருக்குத் தோல் மெலியும், நிறுத்தியவுடன் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். அப்போது பதில் சொல்ல வேண்டியது, அட்டையில் பெயர் உள்ள நீங்கள். முகவரின் தொலைபேசி அணைந்திருக்கும்.

இவ்வளவையும் நீங்களே கண்காணிக்க வேண்டியிருப்பதற்குக் காரணம், இந்தத் துறையின் ஒழுங்குமுறைகள் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடுவதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 655/2013 என்ற ஒழுங்குமுறை, அழகுப் பொருள்களின் உரிமைகோரல்களுக்குச் சான்று இருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அந்தச் சான்று உற்பத்தியாளரின் கோப்பில் கிடக்கும், அதிகாரி கேட்டால்தான் வெளியே வரும், வாங்குபவர் அதைப் பார்க்கவே போவதில்லை. அமெரிக்காவில் ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை உண்டாக்கும் வாய்ப்புக் குறைவு) என்ற சொல்லுக்குச் சோதனை தேவை என்று 1975-இல் கொண்டுவந்த விதியை 1977-இல் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அன்று முதல் அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான பொருள் இல்லை. ‘தோல் மருத்துவரால் சோதிக்கப்பட்டது’ என்பதும், என்ன சோதித்தார், என்ன கண்டார் என்று சொல்லாதவரை, வெற்று வாக்கியமே.

ஆகவே முகவரிடம் சான்றிதழைக் கேட்காதீர்கள். சோதனை தொடங்கும் முன் அதன் திட்ட வரைவைக் கேளுங்கள். எரிச்சலை எப்படி உண்டாக்குவார்கள், வெறும் கலவையோடு ஒப்பிடுவார்களா, கடைசித் தடவலுக்கு எத்தனை மணி நேரத்துக்குப் பின் அளப்பார்கள், ஒவ்வொரு தன்னார்வலரின் அளவுகளும் உங்கள் கைக்கு வருமா என்ற நான்குக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். அறிக்கையில் உங்கள் சீரத்தின் தொகுதி எண் இருக்க வேண்டும். வேறொருவரின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றித் தரும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. கையிலுள்ள பணம் பேட்ச் டெஸ்ட்டுக்கு மட்டுமே போதும் என்றால், அதைத் தாராளமாகச் செய்யுங்கள், அது தேவையான சோதனைதான். ஆனால் ‘எரிச்சலைத் தணிக்கும்’ என்ற வரியை அடுத்த அச்சு வரை அட்டையில் சேர்க்காதீர்கள்.