குளிருக்குப் பயந்து காற்றை அடைக்காதீர்கள்

கேள்வி: கணவரின் பணி மாறுதலால் சென்ற ஜூன் மாதம் மதுரையிலிருந்து உதகைக்குக் குடிவந்தோம். மகனுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படிக்கிறான், மகளுக்கு எட்டு மாதம். நவம்பர் பிறந்ததிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சளியும் இருமலும் வந்துகொண்டே இருக்கின்றன. குளிருக்குப் பயந்து மாலையிலேயே கதவு ஜன்னல்களைச் சாத்தி, கரியடுப்பு மூட்டி, மாமியாரும் சேர்ந்து எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறோம். வாழைப்பழம், தயிர் இரண்டையும் நிறுத்திவிட்டோம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி மருந்தைக் கொடுத்து வருகிறோம். நோய் வராமல் தடுக்க வேறு என்ன செய்ய வேண்டும்? எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? குளிர்காலம் முடியும்வரை மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா?

– ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் முன்பாக, கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று இரவு படுக்கும் அறையில் கரியடுப்பை வைக்காதீர்கள். மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் பற்றிக்கொள்ள வேண்டிய இடத்தை அதைவிடப் பல மடங்கு வலுவாக இது பற்றிக்கொள்வதால், தூங்குகிறவர் தூக்கத்திலேயே நினைவிழந்து உயிரை விடக்கூடும். தணல் நீறு பூத்த பிறகும் இந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும் என்பதால், புகை நின்றுவிட்டது என்று நினைத்து அடுப்பை உள்ளே எடுத்துவருவதும் ஆபத்தே. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிர்காய மூட்டிய அடுப்போடு உறங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகள் அவ்வப்போது வந்தபடிதான் இருக்கின்றன. காலையில் வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் இருந்தால் அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிவிடாமல், உடனே எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐ அழைக்க வேண்டும். உங்கள் மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்தக் காலத்து மலை வீடுகளில் புகைபோக்கி இருந்தது, ஓட்டு இடுக்குகளில் காற்று நுழைந்தது. இன்றைய கான்கிரீட் வீட்டில் அந்த வழிகள் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சளியைக் குளிர் உண்டாக்குவதில்லை, வைரஸ்தான் உண்டாக்குகிறது. குளிர்ந்த, வறண்ட காற்றில் வைரஸ் சற்றுக் கூடுதல் நேரம் தங்குவதும், மூக்கின் உட்தோல் வறண்டு அதன் காப்பு குறைவதும் உண்மைதான் என்றாலும், எல்லோரும் ஒரே அறையில் கதவை அடைத்துக்கொண்டு ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுப்பதே குளிர்காலச் சளிக்குப் பெரிய காரணம். குளிரை வெளியே நிறுத்தப் போய்க் காற்றையும் வெளியே நிறுத்திவிடுகிறோம். ஆகவே பகலில் வெயில் ஏறியதும் ஒரு மணி நேரமாவது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். இரவிலும் மேல் ஜன்னலில் விரலளவு இடைவெளி இருக்கட்டும். அறையைச் சூடாக்குவதைவிடக் குழந்தையின் உடலைக் கதகதப்பாக வைப்பது எளிது. உள்ளே பருத்திச் சட்டை, அதன் மேல் கம்பளி, வெளியே போகும்போது குல்லாவும் காலுறையும் என அடுக்கடுக்காக உடுத்துங்கள். நீங்கள் அணிவதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தால் போதும். கைகால் சில்லென்று இருப்பதை வைத்துக் கணக்கிடாமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள், அங்கே வியர்த்திருந்தால் உடை அதிகம் என்று பொருள். எட்டு மாதக் குழந்தைக்கு உறங்கும்போது குல்லாவும் வேண்டாம், முகத்தருகே கனத்த போர்வையும் வேண்டாம். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, பீடி சிகரெட் புகை மூன்றுமே பிஞ்சு நுரையீரலை எரிச்சலூட்டுகின்றன. குளிப்பாட்டிய தலையைத் துண்டால் துவட்டினாலே போதும், புகை காட்ட வேண்டியதில்லை.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில் இன்னும் கூடலாம். ஒவ்வொரு முறையும் இருமல் அடங்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். ஒன்று தீரும் முன் அடுத்தது தொடங்குவதால் ஓயாத நோயாகத் தோன்றுகிறது. உங்கள் மகன் இடையில் ஓடியாடி, நன்றாகச் சாப்பிட்டு, எடையும் கூடிவருகிறான் என்றால் அவனுடைய எதிர்ப்புச் சக்தியில் குறை இல்லை. வாழைப்பழமும் தயிரும் சளி பிடிக்கச் செய்வதில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கொடுக்காமல் வெளியே வைத்துக் கொடுங்கள். மகளுக்குத் தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். வெந்நீரில் சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கம் பெரியவர்களுக்கும் வேண்டும். சளி பிடித்த பெரியவர் முகக்கவசம் அணியாமல் மகளைத் தூக்கக் கூடாது, முத்தமிடவும் கூடாது.

சளி மருந்துப் பாட்டிலை இன்றே ஒதுக்கி வையுங்கள். குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த கலவை மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்தது. மத்தியப் பிரதேசத்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததையடுத்து, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்துகளை எழுதவோ தரவோ கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய அரசு அறிவுறுத்தியது. நல்ல தரமான மருந்தே ஆனாலும் அது சளியை விரைவில் குணமாக்குவதில்லை, தூக்கத்தைத்தான் கூட்டுகிறது. மகனுக்கு இரவில் இருமல் வாட்டினால் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேன் கொடுங்கள்; ஒரு வயது நிறையாத மகளுக்குத் தேனை நாக்கில்கூடத் தடவக் கூடாது. மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு இரண்டு சொட்டு விட்டாலே குழந்தை சிரமமின்றிக் குடிக்கும். மூக்கில் எண்ணெய் விடுவது அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும் என்பதாலும், கற்பூரம் கலந்த தைலத்தைத் தடவுவது சிறு குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும் என்பதாலும் இரண்டையும் தவிருங்கள். கொதிநீரில் ஆவி பிடிக்க வைத்து வெந்துபோன குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவதுண்டு, ஆகவே அதுவும் வேண்டாம். சளிக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. மருத்துவர் பார்த்து எழுதினாலொழிய வாங்காதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் அளவில் நடக்கும் ஒரு தவறை விளக்கியாக வேண்டும். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 மி.கி. என்பதே ஒருவேளை அளவு. ஆறு மணி நேரம் கழித்தே அடுத்த வேளை. உங்கள் மகள் எட்டுக் கிலோ என்றால் 120 மி.கி. வேண்டும். சொட்டு மருந்துப் பாட்டிலில் பெரும்பாலும் 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும், எனவே 1.2 மி.லி. போதும். சிரப்பிலோ 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. இருக்கும், சிலவற்றில் 250 மி.கி. இருக்கும். சிரப்புக்குச் சொன்ன 5 மி.லி. அளவைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் நான்கு மடங்குக்கும் மேல் உள்ளே போய்க் கல்லீரலைத் தாக்கும். ஆகவே பாட்டிலைக் கையில் எடுத்ததும் அதன் மீதுள்ள மி.கி. கணக்கைப் படித்த பிறகே அளந்து கொடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

எப்போது ஓட வேண்டும் என்பதற்குக் காய்ச்சலின் அளவைவிட மூச்சுதான் நல்ல அடையாளம். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது, காய்ச்சல் இருந்தால் அது தணிந்த பிறகு, சட்டையை மேலே தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் வயிறு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். மகளுக்கு 50, மகனுக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலம் பாய்வது, பால் குடிக்க முடியாமல் போவது, எழுப்பினாலும் மந்தமாகக் கிடப்பது, வலிப்பு – இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சளி பிடிக்கும்போதெல்லாம் மகனுக்கு நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் அது இழுப்பாக இருக்கலாம், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். நிமோனியாவுக்கு எதிரான நியூமோகோக்கல் ஊசி 2021 முதல் தமிழகத்து அரசு மையங்களில் 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என இலவசமாகப் போடப்படுகிறது. ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும் உண்டு. மகளுக்கு அடுத்த மாதமே அந்தத் தேதி. இன்ஃபுளூயன்சா ஊசி இலவசப் பட்டியலில் இல்லை என்றாலும், ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குப் போடலாம். முதல் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. தமிழகத்தில் இந்தக் காய்ச்சல் வடகிழக்குப் பருவமழையோடு பரவுவதால் செப்டம்பருக்குள் போட்டுவிடுவதே சிறப்பு, இந்த ஆண்டு இன்னும் போடவில்லை என்றால் இப்போதாவது போடுங்கள்.

மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை. இந்த ஆண்டு தவிர்த்த சளியை அவன் அடுத்த ஆண்டு வகுப்பில் வாங்கத்தான் போகிறான். காய்ச்சல் இருக்கும் நாளில் மட்டும் வீட்டில் வையுங்கள். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, சாப்பிடவும் விளையாடவும் தொடங்கிவிட்டால், மூக்கு ஒழுகினாலும் அனுப்பலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வகுப்பறையின் ஜன்னல் பகலில் திறந்திருக்கிறதா என்று ஆசிரியையிடம் தயங்காமல் கேளுங்கள்.