திருகோணமலையில் சாக்கில் உருளைக்கிழங்கு நட எந்தப் பசளை நல்லது?

நன்றாக உக்கிய கூட்டெருதான். கறுப்பாக, உதிரியாக, மண்வாசனையோடு இருக்க வேணும். சூடோ காரநெடியோ இருந்தால் இன்னும் உக்கவில்லை. பச்சை மாட்டெரு வேண்டவே வேண்டாம். தழைச்சத்துக் கூடி இலைதான் மதாளிக்கும், கிழங்கில் சொறியும் வரலாம்.

கூட்டெரு 2 பங்குக்கு மேல்மண் 1, தும்புத்தூள் 1 பங்கு சேருங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கும், நல்ல தண்ணீரில் அலசிவிட்டே போடுங்கள். கடற்கரை மணலும் அதனால்தான் ஆகாது. சாம்பலை அள்ளிக் கொட்டாதீர்கள், அது மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். உருளைக்குச் சற்றுப் புளித்த மண், பிஎச் 5 முதல் 6 வரை, பிடிக்கும்.

ஆனால் எந்தப் பசளையும் எங்கள் வெக்கையை வெல்லாது. இரவு 20 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். மார்கழியிலும் இங்கே அது அரிது. கார்த்திகைக் கடைசியில் நடுங்கள். விளைச்சல் சிறிதாகவே இருக்கும். மாரிமழைத் தண்ணீர் வடிய அடியில் துளை கட்டாயம்.