கேசிங்கோடு வரும் பவர் சப்ளை கேமிங் பிசிக்குப் போதுமா? எதைப் பார்த்து நல்லதை வாங்குவது?

கேள்வி கேட்ட தம்பி கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். ரைசன் 5 5600 புரொசசரும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டும் போட்டு முதல் கேமிங் பிசி கட்டப் போகிறார். கேசிங்கோடு 600 வொட் பவர் சப்ளை (சுவர்க் கரண்டை மெஷினுக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றும் பெட்டி) ஒன்று சேர்ந்தே வருகிறது, தனியாக இன்னொன்று வாங்குவது காசைக் கரியாக்குகிற வேலை என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவும் அதையே சொல்கிறாராம்.

தம்பி, கேசிங்கை எடுங்கள். அந்தப் பவர் சப்ளையைக் கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். அதற்காகக் கார்டில் ஒரு படி இறங்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

2022 மார்ச் கடைசி. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நேரம். நாங்கள் வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்கு இறங்கும் லேன் ஒன்றில் இருக்கிறோம். பகலில் ஒபீஸ் வேலை, இரவில் கலியாண வீடியோ எடிட்டிங், நேரம் கிடைத்தால் கேம். எல்லாம் ஒரே மெஷினில். ஓர் இரவு கரண்ட் வந்தது. லைட் இரண்டு தரம் இமைத்து அணைந்தது, மூன்றாம் தரம் நிலைத்தது. அந்த மூன்றாம் தரத்தில் மேசைக்குக் கீழே 'டப்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே பழுதான மீனைச் சுட்ட மாதிரி ஒரு நாற்றம். பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கபாசிட்டர் வெடித்தால் வரும் மணம் அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மதர்போர்ட் போய்விட்டது. ஹார்ட் டிஸ்க்கிலும் அசைவில்லை. அதில் மூன்று கலியாணங்களின் வீடியோ, இன்னும் வீட்டுக்காரரிடம் கொடுத்து முடிக்காதவை. தாலி கட்டியதைத் திரும்ப எடுத்துக் கொடுக்க முடியுமா? இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

புறக்கோட்டையில் ஹார்ட் டிஸ்க் திருத்தும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அடியில் இருக்கும் பச்சை போர்டைக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்தார். மிளகு அளவில் கறுப்பாக ஒரு சாமான். டிவிஎஸ் டயோட் என்றார். வழக்கத்தில் அது சும்மா இருக்கும். 12 வோல்ட் வரவேண்டிய வழியில் அளவுக்கு மீறிய வோல்ட் வந்தால் அது தன்னையே ஷோர்ட் ஆக்கி, பின்னால் இருப்பதைக் காப்பாற்றிவிட்டுச் சாகும். அவர் அதை மட்டும் எடுத்துவிட்டு டிஸ்க்கை வேறொரு மெஷினில் மாட்டினார். சுழலத் தொடங்கியது. எல்லா வீடியோவும் அப்படியே இருந்தன. அதே நேரத்தில் இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றித் தந்தார்.

நல்ல பவர் சப்ளைக்குள் இந்தக் காவல் ஏற்கெனவே இருக்கும். 12 வோல்ட் வழி எல்லை மீறினால் 15.6 வோல்ட்டைத் தாண்டுவதற்குள் தானாக அணைந்துவிட வேண்டும் என்பது பிசி பவர் சப்ளைகளுக்கான இன்டெலின் ஏடிஎக்ஸ் வழிகாட்டி. என்னுடையது அணையவில்லை.

செத்த பவர் சப்ளைப் பெட்டியை அண்ணன் கையில் எடுத்து லேபலைக் காட்டினார். பெரிய எழுத்தில் '500 வொட்'. கீழே சின்ன எழுத்தில் அட்டவணை: 12 வோல்ட், 18 அம்பியர். பெருக்கிப் பாருங்கள், 216 வொட். கிராபிக்ஸ் கார்டும் புரொசசரும் தின்பது கிட்டத்தட்ட முழுவதும் அந்த 12 வோல்ட்டைத்தான். மிச்ச எண்ணெல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று இன்றைய மெஷினுக்கு அவ்வளவாகத் தேவைப்படாத வழிகளில் காட்டிய கணக்கு. நான் 500 என்று நம்பி ஐந்து வருஷம் ஓட்டியது 216ஐத்தான்.

ஆகவே தம்பி, கடைக்குப் போனதும் அந்த 600 வொட் பெட்டியின் லேபலைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள அம்பியரை 12ஆல் பெருக்குங்கள். நேர்மையான 550 வொட் பெட்டியில் 45 அம்பியர் அளவில் இருக்கும், அதாவது 540 வொட். 600 என்று போட்டுவிட்டு 20, 25 அம்பியர் என்றிருந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். பின்பக்கம் 115 / 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச் இருந்தாலும் அப்படித்தான். இன்றைய ஒழுங்கான பெட்டிகளுக்கு அந்தச் சுவிட்ச் தேவையே இல்லை. அதோடு, யாராவது தெரியாமல் 115க்குத் தள்ளிவிட்டு நம் 230 வோல்ட்டில் போட்டால் அந்த நிமிஷமே வெடிக்கும்.

உங்கள் மெஷினுக்கு எவ்வளவு வேண்டும்? ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வொட். ரைசன் 5 5600 முழு மூச்சில் ஓடினாலும் 76 வொட். மதர்போர்ட், ரேம், எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு ஒரு 50 போடுங்கள். 250க்குள் முடிந்துவிடும். என்விடியா இந்தக் கார்டுக்குச் சொல்வது 550 வொட் பெட்டி. அது தாராளம். இரண்டு மூன்று வருஷத்தில் ஆர்டிஎக்ஸ் 5070 மாதிரி 250 வொட் கார்டுக்கு ஏறும் எண்ணம் இருந்தால் 650 எடுங்கள். 850, 1000 என்று யாராவது ஏற்றிவிட்டால் மறுத்துவிடுங்கள். அந்தக் காசுக்கு 650இலேயே ஒரு படி நல்ல மொடல் கிடைக்கும்.

இனி 80 பிளஸ் ஸ்டிக்கர். புரொன்ஸ், கோல்ட் என்பது பாதுகாப்புக்குக் கொடுத்த பட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அளப்பது ஒன்றை மட்டும்: சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் உள்ளே போய்ச் சேர்கிறது என்பதை. வழக்கமான சோதனை 115 வோல்ட்டில், 23 பாகை வெப்பத்தில் நடப்பது. அதில் அரைச் சுமையில் புரொன்ஸ் 85 சதவீதமும் கோல்ட் 90 சதவீதமும் தொட வேண்டும். 300 வொட் சுமையில் இரண்டுக்கும் வித்தியாசம் 20 வொட். தினமும் நாலு மணித்தியாலம் விளையாடினால் மாதத்துக்கு இரண்டரை யூனிட் கூட வராது. கரண்ட் பில்லுக்காகக் கோல்ட் வாங்க வேண்டியதில்லை. கோல்ட் எடுக்கும் அளவுக்கு வடிவமைத்த பெட்டியில் உள்ளே போடும் சாமான்களும் பெரும்பாலும் நன்றாக இருக்கும், வீணாகும் சூடும் குறையும். என் கணக்கில் அதன் பயன் அவ்வளவுதான். கொழும்பில் ஏப்ரல் மாதம் ஏசி இல்லாத அறை 32 பாகை இருக்கும், கேசிங்குக்குள் அதைவிடக் கூட. அதனால் பெட்டி தன் முழு வொட்டை எத்தனை பாகை வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறதோ அதைப் பாருங்கள். 40 என்றால் போதும், 50 என்றால் நல்லது. உள்ளே 105 பாகை கபாசிட்டரா, 85 பாகை கபாசிட்டரா என்பதும் இதே காரணத்துக்காகத்தான் முக்கியம். சூடு 10 பாகை ஏறினால் கபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு.

பிராண்ட் பெயரை மட்டும் நம்புவதும் காணாது. 2021 ஆகஸ்டில் கிகாபைட் தன் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் என்ற இரண்டு மொடல்களைப் பற்றி அறிக்கை விட்டது நினைவிருக்கலாம். இரண்டும் 80 பிளஸ் கோல்ட். சுமை மீறினால் அணைய வேண்டிய எல்லையை 120 முதல் 150 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். சோதித்தவர்களின் கையில் வெடித்த பிறகு அதை 110 முதல் 120க்கு இறக்கி, பழையவற்றை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். பெரிய பெயர், கோல்ட் ஸ்டிக்கர், இரண்டும் இருந்துமே இப்படி. ஒரே பிராண்டில் ஒரு மொடல் பத்து வருஷம் ஓடும், அடுத்தது ஓடாது. பல பிராண்டுகள் தாமாகச் செய்வதுமில்லை, சிடபிள்யூடி, எச்இசி மாதிரிக் கொம்பனிகளிடம் செய்வித்துத் தம் பெயரை ஒட்டுகின்றன. ஆகவே முழு மொடல் எண்ணை எழுதிக்கொண்டு வந்து, பவர் சப்ளைகளைச் சோதிக்கும் சைபனெட்டிக்ஸ் மாதிரி இடங்களில் அதைச் சோதித்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கொர்செயார் ஆர்எம்எக்ஸ், சீசொனிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ் இரண்டுக்கும் தயாரித்தவர்கள் பத்து வருஷ வொரண்டி தருகிறார்கள். கை எட்டினால் அவை. எட்டாவிட்டால் ஐந்து வருஷ வொரண்டி உள்ள, சோதனை வந்த புரொன்ஸ் ஒன்று உங்கள் கார்டுக்குப் போதும்.

வெளிநாட்டு வீடியோக்களில் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது, இங்கே அதுதான் முதலில் வேண்டியது. சுவரில் கரண்ட் நின்ற பிறகு எத்தனை மில்லி விநாடி பெட்டி தாக்குப்பிடிக்கும் என்ற கணக்கு. ஏடிஎக்ஸ் 3.0 வழிகாட்டி 80 சதவீதச் சுமையில் 17 மில்லி விநாடி கேட்கிறது. சாதாரண யூபிஎஸ் தன் பட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி விநாடி எடுக்கும். 17 தாங்கும் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. மலிவுப் பெட்டியில் பெரிய கபாசிட்டரைச் சின்னதாக்கிக் காசு மிச்சம் பிடித்திருப்பார்கள், யூபிஎஸ் இருந்தும் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். எங்கள் பழைய மெஷின் அப்படித்தான் செய்தது, நான் யூபிஎஸ்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டதே, அன்று நான் கேமில்தான் இருந்தேன். புதுப் பெட்டி அசையவில்லை. சேவ் பண்ணி, ஆறுதலாக ஷட்டவுன் செய்தேன்.

யூபிஎஸ் வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். 650 விஏ என்பது பெரும்பாலும் 360 வொட் அளவுதான். மலிவானவை பட்டரியில் ஓடும்போது சுவர்க் கரண்டைப் போன்ற தூய சைன் அலையைத் தராது, சில பவர் சப்ளைகளுக்கு அது ஒத்துவராமல் அணைந்துவிடும். மாட்டிய முதல் நாளே முக்கியமான எதையும் திறந்து வைக்காமல் ஒரு கேமை ஓடவிட்டுச் சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் அப்போதே திருப்பிக் கொடுக்கலாம்.

எர்த் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் 5 அம்பியர் உருண்டை முள் சொக்கட்தான் இருக்கும். கொம்பியூட்டர் வயரில் வருவது 13 அம்பியர் சதுர முள். நடுவில் ஏதோ ஒரு எடப்டரைப் போட்டுச் சமாளிப்போம். அதில் எர்த் இணையாவிட்டால் கேசிங்கைத் தொடும்போது விரலில் விறுவிறுவென்று இழுக்கும். எல்லா நல்ல பவர் சப்ளையிலும் சுவர் வயருக்கும் உலோக உடலுக்கும் நடுவில் சின்னக் கபாசிட்டர்கள் உண்டு. அவை கசியவிடும் கொஞ்சக் கரண்ட் எர்த் வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியாகப் போகும். பவர் சப்ளையைக் குறை சொல்லி மாற்ற வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு சொக்கட்டையாவது 13 அம்பியருக்கு மாற்றி, எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழக்கம் தொடங்கினால் பிளக்கையே கழற்றி வையுங்கள்.

வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மொடியூலர் வகை வாங்கினால், வயர்களை இன்னொரு பெட்டியின் வயரோடு மாற்றி மாட்டவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே இணைப்பு வேறாக இருக்கலாம். ஒரே கணத்தில் எஸ்எஸ்டி எரிந்துவிடலாம்.

வாங்க பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனால் ஒரே கட்டிடத்தில் பல கடையையும் பார்த்துவிடலாம். பில்லில் 'பவர் சப்ளை 650W' என்று மொட்டையாக எழுதவிடாமல் முழு மொடல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். வொரண்டி ஒரு வருஷம் என்றால் 350 நாள் என்று கீழே அச்சடித்த பில் என்னிடமே இருக்கிறது. எரிந்த தடம், துரு இருந்தால் வொரண்டி இல்லை என்றும் அதில் எழுதியிருக்கிறது. கடல் பக்கத்து வீட்டில் துரு பிடிக்காமல் எப்படி இருக்கும்? ஜன்னலோரம் மெஷினை வைக்காமல் இருப்பதுதான் எங்களால் முடிந்தது. பத்து வருஷம் என்று பெட்டியில் போட்டிருந்தால், அதை இங்கே ஏற்கும் ஏஜென்ட் யார், கடை எத்தனை வருஷத்தை ஏற்கிறது என்று காசு கொடுக்க முதல் கேளுங்கள். இக்மன் இணையத்தளத்தில் பாவித்த கார்ட் வாங்கலாம், மொனிட்டர் வாங்கலாம். பாவித்த பவர் சப்ளை மட்டும் வேண்டாம்.

அந்தக் கேசிங்கோடு வரும் பெட்டியின் லேபலைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள் தம்பி. 12 வோல்ட் வரி தெளிவாகத் தெரிந்தால் போதும், இன்றிரவே பார்த்துச் சொல்கிறேன்.