வாசகர் கேள்வி – பதில்: இலங்கைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவருக்குக் கிராமச் சங்க வாக்கு ஏன் மறுக்கப்பட்டது?

டிக்கோயாவிலிருந்து ஒரு வாசகர்: என் பாட்டனார் 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யருக்கு வாக்களித்தவர். ஆனால் அதற்குச் சில ஆண்டுகளின் பின் பக்கத்துக் கிராமச் சங்கத்துக்குத் தேர்தல் வந்தபோது, தோட்டத்து ஆட்களுக்கு அதில் வாக்கில்லை என்று சொல்லிவிட்டார்களாம். நாட்டின் சபைக்கே வாக்களித்தவர், ஊர்ச் சங்கத்துக்கு வாக்களிக்க எப்படித் தகுதியற்றவர் ஆனார்?

பதில்: உங்கள் பாட்டனார் சொன்னது உண்மைதான். அந்த இரண்டு வாக்குரிமைகளும் வெவ்வேறு சட்டங்களிலிருந்து பிறந்தவை.

அரசாங்க சபைக்கான வாக்குரிமை இலங்கையின் ஆட்சிமுறையைச் சீர்திருத்தப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைகளையொட்டி 1931இல் நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் அது பொதுவானது என்றாலும், இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு மட்டும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஐந்தாண்டு கால வசிப்பு போதுமென்றே ஆணைக்குழு கருதியது. ஆனால் சிங்களத் தலைவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்ததால், ஆளுநர் ஸ்டான்லியின் காலத்தில் அந்த நிபந்தனை இறுக்கப்பட்டது. அப்படி இறுக்கிய பிறகும், 1929 டிசம்பரில், அரசாங்க சபைக்கு முன்பிருந்த சட்டநிரூபண சபையில் டொனமூர் திட்டம் 19க்கு 17 என்ற கணக்கில், இரண்டே வாக்குகளால்தான் நிறைவேறியது. இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர், குறிப்பிட்ட கல்வியும் வருமானமும் அல்லது சொத்தும் உடையவர், நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற்றவர் ஆகிய மூவகையினரே பதிவு பெறலாம் என்றாயிற்று. மூன்றாவது வழியில் போனவர்கள் சொற்பம். வேறொரு அரசின் விசேட பாதுகாப்பைக் கோரமாட்டேன் என்று கையொப்பமிட வேண்டியிருந்ததால் பலர் அதற்குத் தயங்கினார்கள். முதல் வழியிலேயே பெரும்பாலோர் பதிவாயினர். 1931இல் சுமார் ஓர் இலட்சமாக இருந்த இந்திய வம்சாவளி வாக்காளர் தொகை 1939இல் ஏறக்குறைய இரண்டேகால் இலட்சமாயிற்று. ஹட்டன் தொகுதியிலிருந்து 1931இல் பெரி சுந்தரம் சபைக்குச் சென்று தொழில் மந்திரியானதையும், 1936இல் நடேசய்யர் அதே தொகுதியில் வென்றதையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

கிராமச் சங்கத்தின் கதை இதைவிடப் பழையது. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், ஆளுநர் ஹர்குலிஸ் ரொபின்சன் காலத்தில், பழைய கம்சபா (ஊர்ச் சபை) முறைக்குப் புத்துயிர் கொடுத்தது. வயலுக்கு நீர் பாய்ச்சுவது, அணைக்கட்டைப் பேணுவது, ஒற்றையடிப் பாதைகளைத் துப்புரவாக வைத்திருப்பது, சில்லறை வழக்குகளைத் தீர்ப்பது ஆகியவையே அதன் வேலைகள். நெல் விளையும் கிராமத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. பக்கத்து மலையில் கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்த்தவர்களை அது கிராமத்தவராகக் கருதவில்லை. ஐரோப்பியரும் பறங்கியரும்கூட அதற்கு வெளியேதான் நின்றார்கள். 1889, 1924 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் இந்த அடிப்படையிலிருந்து அதிகம் விலகவில்லை.

சிக்கல் எழுந்தது 1936இற்குப் பிறகு. உள்ளூராட்சி மந்திரியாயிருந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, கிராமச் சங்கங்களை உண்மையான மக்கள் சபைகளாக்கும் நோக்கத்தோடு 1937ஆம் ஆண்டளவில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். இன அடிப்படையிலான பழைய விலக்குகளை நீக்கி, கிராம எல்லைக்குள் வாழும் ஏனையோருக்கெல்லாம் வாக்களிக்க வழிசெய்த அந்தத் திருத்தம், இந்தியத் தோட்டத் தொழிலாளரை மட்டும் வெளியே நிறுத்தியது. இந்திய அரசாங்கம் இதை வெளிப்படையான பாரபட்சம் என்று ஆட்சேபித்ததும், சட்டத்தின் வாசகம் மாற்றப்பட்டது. தோட்ட நிர்வாகம் கொடுத்த லயக் காம்பராவில் வசிக்கும் தொழிலாளர் எவருக்கும், அவர் எந்த இனத்தவராயினும், வாக்கில்லை என்றாயிற்று. லயத்தில் வாழ்ந்த சிங்களத் தொழிலாளரையும் அது விலக்கியது உண்மை. ஆனால் அப்படி வாழ்ந்த சிங்களவர் சிலரே என்பதால், சுமை யார் தலையில் விழுந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

முதல் வாசகத்தைவிட இரண்டாவது வாசகமே கொடியது என்பது என் கருத்து. இனத்தைச் சொல்லி ஒதுக்கிய சட்டத்தை அநீதி என்று சுட்டிக்காட்டிப் போராடலாம். வீட்டைச் சொல்லி ஒதுக்கிய சட்டம் நியாயம் போலத் தோற்றமளிக்கும். தோட்டத்தில் வேலையும் காம்பராவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பெயர் இல்லாதவருக்குக் காம்பரா இல்லை. ஆகவே வாக்குப் பெறுவதற்காக லயத்தை விட்டு வெளியேறு என்று சொல்வது, வேலையை விட்டு விலகு என்று சொல்வதற்குச் சமம்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பாதை, தண்ணீர், வைத்தியம் ஆகியவற்றைத் தோட்டத் துரையே கவனிக்கிறார், கிராமச் சங்கத்தால் தொழிலாளருக்குக் காரியமில்லை என்றார்கள். பல பிரிவுகளில் கிராமத்தவரைவிடத் தோட்டத்தவர் தொகை அதிகமாக இருந்தபடியால், தங்கள் சங்கம் தங்கள் கையைவிட்டுப் போய்விடும் என்ற கண்டிக் கிராமத்தவரின் அச்சமும் வெறும் கற்பனையல்ல. தோட்டங்கள் பெருகியபோது காடும் மேய்ச்சல் நிலமும் இழந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த நிலத்தை எடுத்தது கொழுந்து பறித்தவரல்லர்.

இந்தப் பிரச்சினையின் சூடு ஆறுமுன்னரே, அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலைநீக்கும் முடிவும் சேர்ந்துகொண்டது. 1939 ஜூலையில் ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்ததற்கும், இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றியதற்கும் வேலைநீக்கம் உடனடிக் காரணம் என்றால், கிராமச் சங்க வாக்கு அதற்கு முன்பே மனங்களில் இருந்த குறை. அதன் பின்னர் அரசாங்க சபை வாக்காளர் பதிவும் கடுமையாக்கப்பட்டது. 1943இல் இந்திய வம்சாவளி வாக்காளர் தொகை சுமார் 1,68,000 ஆகக் குறைந்துவிட்டது.

தலவாக்கலை வாசகி ஒருவர்: நகரங்களில் இருந்த நம்மவருக்கும் இதே நிலைதானா?

பதில்: இல்லை. நகர சபைகள் வேறு சட்டத்தின் கீழ் இயங்கின. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநகர சபை பெற்ற கண்டியிலும், பின்னர் நகர அந்தஸ்து பெற்ற சிறு பட்டினங்களிலும், தொடக்கத்தில் சொத்தும் வருமானமுமே வாக்குக்கு அளவுகோல். கடை வைத்திருந்த செட்டியாரும் வணிகரும் அதில் இடம்பெற முடிந்தது. அவர்கள் கடையில் பற்று வைத்து அரிசி வாங்கிய தோட்டத் தொழிலாளிக்கு, சந்தைக்குப் போகும் ஊர் என்பதைத் தவிர, நகர சபையோடு உறவிருக்கவில்லை.

பதுளை வாசகி ஒருவர்: தோட்டத்துப் பெண்களுக்கு 1931இல் வாக்கு இருந்ததா?

பதில்: இருந்தது. டொனமூர் ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயது என்று பரிந்துரைத்திருந்தாலும், சட்டமாகும்போது ஆண்களைப்போலவே 21 வயது என்றாயிற்று. ஆயினும் மணமான பெண்ணின் வதிவிடம் அக்காலச் சட்டப்படி கணவனின் வதிவிடத்தையே பின்பற்றியதால், கணவன் பதிவு பெறாவிட்டால் அவளுக்கும் பதிவு கிடைப்பது அரிது. கொழுந்துக் கூடையைச் சுமந்து அவள் உழைத்த ஆண்டுகளை யாரும் தனியாகக் கணக்கிடவில்லை.

நுவரெலியா வாசகர் ஒருவர்: இந்த விலக்கு எப்போது நீங்கியது?

பதில்: நீங்குவதற்கு முன் நிலைமை மோசமாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் பாராளுமன்ற வாக்கையும் பறித்தன. 1947இல் நுவரெலியாவில் எஸ். தொண்டமானை வெற்றிபெறச் செய்த வாக்காளர்களில் மிகப் பலர், அடுத்த தேர்தலில் வாக்காளர் இடாப்பில் இல்லை. பின்னர் குடியுரிமை தவணை தவணையாகத் திரும்பியது. கிராம சபைகளோ 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது மறைந்தன.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் தோட்டத்தவர் வாக்களித்தார்கள், உறுப்பினர்களானார்கள், தவிசாளர்களுமானார்கள். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்காகச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தங்கள் வாக்கால் வென்ற தவிசாளர், தங்கள் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கூடை கல்லைக் கொட்ட முடியாத நிலை. தோட்டம் துரைக்குரியது, கிராமமே சபைக்குரியது என்ற 1871இன் எண்ணம் இங்கேயும் உயிரோடிருந்தது. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்ததால், கிடைத்த சேவையும் நீர்த்துப்போயிருந்தது. அவற்றைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகளும் உருவாக்கப்பட்டு, 2018 பெப்ரவரி 10இல் தேர்தல் நடந்தது. அதே ஆண்டில்தான் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது.