நூலகர் பதில்கள்: ஔவையாரைத் தேடினால் ஏன் வரவில்லை?

(கணினி, இணையவழிப் பயிற்சி குறித்து ஆசிரியர்களும் நூலகர்களும் அனுப்பும் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: பள்ளி நூலகத்தில் சுமார் 4,000 புத்தகங்கள் உள்ளன. பட்டியலை டி.டி.பி. கடையில் கொடுத்து எக்செல்லில் அடித்து வாங்கினோம். கோஹா என்ற நூலக மென்பொருளுக்கான பயிற்சிக்குப் போய்வந்த உற்சாகத்தில் அதை ஏற்றப் போனால், ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிய பிறகும் ஔவையார் என்று தேடினால் பாதிப் புத்தகங்கள் வருவதில்லை. கோஹாவே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?
– நூலகப் பொறுப்பாசிரியை, சங்கரன்கோவில்

பதில்: கோஹாவின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற சிறிய வட்டார நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மென்பொருள் அது. அங்கிருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்றதும், புதிதாக எழுதி இலவசமாகவே உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தமிழ் யூனிகோடில் இருந்தால் அது ஒழுங்காக வேலை செய்யும். கோளாறு உங்கள் எக்செல்லில்தான் இருக்கிறது.

கடைக்காரர், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். யூனிகோடு மாற்றியில் போட்டால் தமிழ் சரியாக வந்துவிடும். ஆனால் அதே கட்டத்தில் ஆங்கிலத்தில் இருந்த பட்டங்களையும் அது தமிழ் என்றே எடுத்துக்கொள்ளும். பாமினியாக இருந்தால் எம்.ஏ. என்பது ‘ஆ.யு.’ ஆகிவிடும், பி.ஏ. ‘டீ.யு.’ ஆகிவிடும். ஆசிரியர் பெயருக்குப் பின்னால் ‘டீ.யு.’ என்று கண்டால் பயப்படாதீர்கள், அவர் பட்டதாரி, அவ்வளவுதான். மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலத்தைத் தனி நெடுவரிசைக்கு நகர்த்திவிடுங்கள்.

இப்போது ஔவையாருக்கு வருவோம். ஔ என்பது ஒரே எழுத்து. அடித்தவர் ஒ அடித்து, பக்கத்தில் ள அடித்திருப்பார். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கணினிக்கோ அவர்கள் இரண்டு ஔவையார்கள். சரி, மொத்தமாக மாற்றிவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம்! ‘ஒளி’யில் இருக்கும் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்து மாறி, அறிவியல் புத்தகங்கள் எல்லாம் கெட்டுப்போகும். ‘ஒளவை’ என்று வை-யையும் சேர்த்துத் தேடி மாற்றுங்கள். ஸ்ரீ-யிலும் இதே வம்பு உண்டு. ஸ போட்டும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ போட்டும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் ஒரே உருவம். ஏதாவது ஒன்றுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் கோஹா. மார்க்எடிட் என்ற இலவச மென்பொருள் எக்செல் பட்டியலை, நூலக மென்பொருள்களுக்குப் பொதுவான மார்க் வடிவப் பதிவுகளாக மாற்றித் தரும்: 100 என்ற எண்ணுள்ள புலத்தில் ஆசிரியர், 245-இல் தலைப்பு, கோஹாவுக்கே உரிய 952-இல் பிரதி விவரமும் பதிவேட்டு எண்ணும். முதலில் ஐம்பது புத்தகங்களை மட்டும் ஏற்றிப் பாருங்கள். பயிற்சியில் மாதிரித் தரவைக் கொடுத்துச் சொல்லித்தருவதால் இந்தத் தொல்லைகள் அங்கே தலைகாட்டுவதே இல்லை. அடுத்த பயிற்சிக்கு உங்கள் எக்செல்லையே பென் டிரைவில் கொண்டுபோய், அதை வைத்துச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பயிற்சியாளர் கொஞ்சம் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

கேள்வி: தீக்‌ஷா என்ற அரசின் இணையவழிப் பயிற்சித் தளத்தில் சான்றிதழ்கள் குவிந்துவிட்டன. வகுப்பில் ஒன்றும் மாறவில்லையே?
– இடைநிலை ஆசிரியர், அரூர்

பதில்: வீடியோவை ஓடவிட்டுவிட்டுக் குழம்பு தாளிக்கப் போகிறவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் அந்த ரகம் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். கட்டாயப் பயிற்சியை முடித்துத்தான் ஆக வேண்டும், அதில் மாற்றில்லை. சொந்த விருப்பத்தில் படிப்பதென்றால் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரே ஒரு பாடம் எடுங்கள். படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். சேரும் முன் அதில் என்ன ஒப்படைப்புகள் தருகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மறுநாளே செய்து பார்க்க முடியாத ஒப்படைப்பு என்றால், அந்தப் பாடத்தை விட்டுவிடலாம். அப்புறம், பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகச் சேர்ந்தால் மூன்றாவது வாரம் ஆள் காணாமல் போய்விடுவார்.

கேள்வி: எங்கள் பாடசாலையின் பழைய ஆண்டு மலர்கள் செல்லரித்துப் போகின்றன. நாங்களே ஸ்கேன் செய்யலாமா?
– பாடசாலை நூலகர், வவுனியா

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். சாதாரண அச்சுக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) போதும், பொடி எழுத்தும் பழைய புகைப்படங்களும் இருந்தால் 600. மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் (TIFF) படக் கோப்பாக வைத்துக்கொண்டு, படிக்கக் கொடுப்பதற்குப் பி.டி.எஃப். எடுங்கள். தையல் பிரிந்த மலர்களைத் தட்டை ஸ்கேனரில் அழுத்த வேண்டாம், மேலே கேமராவைப் பொருத்திப் படம் எடுப்பதுதான் நல்லது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டை முதலில் போடுங்கள். ‘புதியது 2’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்றெல்லாம் வைத்தால் அடுத்து வருபவர் உங்களைத் திட்டுவார்.

ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலை தொடங்கும் முன் அங்கே தேடிப் பாருங்கள், சில மலர்கள் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். வெளியிடுவதானால் உரிமையையும் பார்க்க வேண்டும். இலங்கையில் எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு, இந்தியாவில் 60. கட்டுரையாளர்கள் பலர் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். கேட்டு, கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மாணவர்கள் சாட்ஜிபிடி கொடுத்த நூற்பட்டியலோடு வருகிறார்கள். அலமாரியில் எதுவும் இல்லை.
– கல்லூரி நூலகர், திருச்சி

பதில்: எந்த அலமாரியிலும் இருக்காது. ஆசிரியர் உண்மை, பதிப்பகம் உண்மை, புத்தகம் மட்டும் பொய் என்ற ரகமும் அதில் உண்டு. கடிந்துகொள்ளாமல், மாணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்டுகேட்டில் ஒவ்வொன்றாகத் தேடச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அவரே பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்.

கேள்வி: இந்த வயதில் தமிழ்99 தட்டச்சு முறையைப் பழக வேண்டுமா?
– ஓய்வுபெறவிருக்கும் தலைமையாசிரியர், தேனி

பதில்: வாட்ஸ்அப் மட்டும்தான் என்றால் தேவையில்லை, ஆங்கில ஒலிப்பு முறையே போதும். பள்ளி வரலாறு எழுதும் எண்ணம் இருந்தால் பழகுங்கள். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.