வீட்டுப் பத்திரத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள், அக்கா

அக்கா, ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் வழிகாட்டிக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, நீங்கள் மட்டும் நின்று அந்த மஞ்சள் பையைத் திறந்து காட்டினீர்கள். உள்ளே உங்கள் பொண்ணுடைய மதிப்பெண் பட்டியல், பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் ஒரு நிறுவனம் கொடுத்த, லண்டன் படம் போட்ட பளபளப்பான ஒரு தாள், அதற்கு அடியில் உங்கள் மாமியார் பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரம். "வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தா இந்த செப்டம்பருக்கே அனுப்பிடறோம்னு சொல்றாங்க, குடுக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். நான் "குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். காரணம் சொல்லாமல் போனது சரியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் பொண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒன்று. அவள் போக ஆசைப்படுவதில் எந்தத் தப்பும் இல்லை. எலக்ட்ரானிக்ஸில் கடைசி வருடம், 8.1 சிஜிபிஏ, ஒரு அரியர் கூட இல்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்றால் அவள் இன்னும் தூரம் போவாள். நான் தடுப்பது பயணத்தை அல்ல, அந்தத் தாளில் இருக்கும் விலையையும் அவசரத்தையும்தான்.

அந்த நிறுவனம் சொன்ன கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஒரு வருட முதுகலை, கல்லூரிக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்து 30 லட்சம், வீட்டின் பேரில் 11 சதவீத வட்டிக்குக் கடன். பத்து வருடத்தில் அடைக்க வேண்டும் என்றால் மாதத் தவணை 41,000 ரூபாயைத் தாண்டும். தவணை தொடங்கும் முன்பே, முழுப் பணமும் எடுத்தாகிவிட்டால் வட்டி மட்டும் வருடத்துக்கு 3 லட்சத்து 30 ஆயிரம் ஏறும். உங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுவதும், நீங்கள் காசிமேட்டில் மீனை ஏலத்தில் எடுத்து விற்பதும் சேர்ந்து மாதம் எவ்வளவு வருகிறது என்று என்னிடம் சொன்னீர்கள். அதில் முக்கால்வாசி இந்தத் தவணைக்கே போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறதே, அப்போது உங்கள் வியாபாரம் எப்படி இறங்கும் என்பது எனக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வங்கித் தவணைக்குத் தடைக்காலம் கிடையாது.

"அங்க வேலை கிடைச்சா அவளே கட்டிடுவா" என்றீர்கள். கிடைத்தால் நிச்சயம் கட்டுவாள். ஆனால் உங்களிடம் "படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் வேலை பார்க்க விசா" என்று சொன்னவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிற முதுகலைப் பட்டதாரிகளுக்கு அந்தக் காலம் 18 மாதமாகக் குறைகிறது. அதற்குள் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்யக்கூடிய ஒரு நிறுவனம் கிடைக்க வேண்டும். அந்த விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து வருடத்துக்கு 41,700 பவுண்டு. படிப்பு முடித்துப் புதிதாக வருபவர்களுக்கு இது குறைவுதான், என்றாலும் எட்டுவது சுலபமில்லை. படிப்பே ஒரு வருடம்தான் என்பதால், போய் இறங்கி ஊர் பழகுவதற்குள் வேலை தேடும் காலம் வந்துவிடும். இங்கிலாந்துக்குப் போய் நன்றாக இருக்கும் பிள்ளைகள் வட சென்னையிலேயே இருக்கிறார்கள், மறுக்கவில்லை. வேலை கிடைக்காமல் திரும்பினாலும் வீடு தப்புமா என்பதுதான் என் கேள்வி. இந்தக் கணக்கில் தப்பாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, மாணவரைச் சேர்த்துவிடும் நிறுவனத்துக்கு கமிஷன் கொடுக்கின்றன. அது சட்டவிரோதம் இல்லை. ஆனால் கமிஷன் தராத இடத்தைப் பற்றி அவர்கள் உங்களிடம் பேசவே மாட்டார்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அப்படித் தருவதில்லை. அதனால்தான் அந்தப் பெயர் உங்கள் காதில் விழவில்லை. விழுந்தாலும், "ஜெர்மனி" என்று சொல்லி அங்குள்ள தனியார் கல்லூரியில் பெரிய கட்டணத்துக்குச் சேர்த்துவிடுவார்கள். கொருக்குப்பேட்டைத் தம்பி ஒருவனுக்கு அப்படித்தான் நடந்தது. அரசுப் பல்கலைக்கழகம் என்று நம்பிப் போய் இறங்கிய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

உங்கள் பொண்ணு படிக்கும் துறைக்கு ஜெர்மனி நல்ல இடம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு சின்னத் தொகை மட்டும்தான். விதிவிலக்கு உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ, ஹைடல்பர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டினருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. அந்த ஊரில் வாடகையும் அதிகம். கெம்னிட்ஸ் மாதிரி சின்ன ஊர்களில் வாடகை எவ்வளவோ குறைவு. பெரிய ஊரின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அங்கே போக முக்கியமான செலவு பிளாக்டு அக்கவுண்ட். ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக அது அவள் கைக்கே வரும். யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் 12 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. விசா, டிக்கெட், காப்பீடு, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் தனி. இரண்டாவது வருடச் செலவின் ஒரு பகுதியை அவளே பார்த்துக்கொள்ளலாம். அங்கே மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்கலாம். 12 லட்சம் கடன் என்றால் அதே வட்டியில் மாதத் தவணை சுமார் 16,500. சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் திரும்பி வந்து அம்பத்தூரிலோ ஒரகடத்திலோ ஒரு வேலையில் சேர்ந்தாலும் இதைக் கட்ட முடியும். இரண்டு கணக்குக்கும் அதுதான் வித்தியாசம்.

கடனுக்கு முதலில் தேசியமயமாக்கப்பட்ட வங்கிக்குத்தான் போக வேண்டும். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. வித்யாலட்சுமி என்ற அரசின் கல்விக் கடன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மேனேஜர் "முடியாது" என்று வாயால் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கடனுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது உதவித்தொகை. ஆதிதிராவிடர் சான்றிதழ் இருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னீர்கள். அந்த நிறுவனத்தில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு வருடத்துக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கிறது. அதற்கு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், 60 சதவீத மதிப்பெண், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகம் வேண்டும். இதில் கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமான டிக்கெட் வரை தருகிறார்கள். நாலு பேர் கூடச் சேர்ந்து போட்டி போட்டாலும் உங்கள் பொண்ணுக்கு அந்த வரிசையில் நிற்கும் தகுதி இருக்கிறது. இது கிடைத்தால் வீட்டுப் பத்திரம் மாமியார் பீரோவை விட்டு வெளியே வரவே தேவையில்லை.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். "இந்த வருஷம் விட்டா போச்சு" என்று அவர்கள் சொல்வது அவர்களுடைய அவசரம். ஒரு வருடம் கழித்துப் போவதால் எந்தப் பல்கலைக்கழகமும் கதவைச் சாத்தாது. அந்த ஒரு வருடம் அவள் இங்கே ஒரு வேலையில் இருந்துகொண்டே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

முதல் வேலை பாஸ்போர்ட். இதில் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், ஆதாரில் இனிஷியல் இல்லாமல், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். பிறகு அமெரிக்க விசாவில் இருக்கிற ஒற்றைப் பெயரையும் சர்நேமாக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று போட்டுவிடுவார்கள். "முதல் பெயர் தெரியவில்லை" என்று அர்த்தம். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு விசிட் விசாவில் வர முடியாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் சொன்னது. அதனால் அப்பா பெயரை முழுதாக சர்நேம் கட்டத்தில் போடுங்கள். எழுத்து ஒன்றுகூட மாறாமல் ஆதாரிலும் அப்படியே திருத்துங்கள். கட்டணம் 1,500 ரூபாய்தான், புரோக்கர் தேவையே இல்லை, அவளே செல்போனில் விண்ணப்பிக்கலாம். அமைந்தகரை சேவா கேந்திராவில் நேரம் எடுங்கள். பத்தாவது பாஸ் ஆகாதவர்கள் பாஸ்போர்ட்டில் விழும் "குடியேற்ற அனுமதி தேவை" முத்திரைப் பிரச்சினை அவளுக்கு வராது.

அப்புறம் ஏ.பி.எஸ். சான்றிதழ். 2022 நவம்பரிலிருந்து ஜெர்மன் மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். நம் மதிப்பெண் சான்றிதழ்கள் உண்மையானவை என்று ஜெர்மன் தூதரகத்தைச் சேர்ந்த ஏ.பி.எஸ். மையம் சரிபார்த்துத் தருவது. கட்டணம் 18,000 ரூபாய். கடைசி செமஸ்டர் முடிவு வந்ததுமே விண்ணப்பித்துவிட வேண்டும், தாமதித்தால் எல்லாமே தள்ளிப்போகும். அங்கே அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள், சில இடங்களில் அதற்கு மாதங்கள் முன்பே மூடிவிடுகிறார்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜெர்மனியில் 1 தான் உயர்ந்த மதிப்பெண், 4 தேர்ச்சி. நம் பத்தில் தேர்ச்சிக்கு 5 என்று வைத்து மாற்றினால் அவளுடைய 8.1 அங்கே 2.14. பல துறைகள் கேட்கும் 2.5 எல்லைக்குள் அவள் தாராளமாக வருகிறாள்.

மொழி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் முதுகலைகள் உண்டு, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதிச் சேரலாம். ஆனால் கடையில் பகுதிநேர வேலைக்கும் நிறுவனத்தில் பயிற்சிக்கும் ஜெர்மன் வேண்டும். நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் கோதே இன்ஸ்டிட்யூட்டில் இப்போதே சேர்ந்தால் ஒரு வருடத்தில் பி1 என்ற நடுத்தர நிலை வரை முயற்சி செய்யலாம். பி1 முடித்துவிட்டு போகிறவளுக்கும் "ஹலோ" மட்டும் தெரிந்து போகிறவளுக்கும் அங்கே கிடைக்கும் வேலையே வேறு.

"வங்கிக் கணக்குல காட்டறதுக்கு பணம் நாங்க போட்டுத் தரோம், விசா வந்ததும் எடுத்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் அந்த அறையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். மாட்டினால் விசா மறுப்போடு முடியாது, அவள் பெயரில் பொய் ஆவணம் கொடுத்த பதிவு நிற்கும். அதேபோல் அங்கே வீடு பார்க்காமலே முன்பணம் அனுப்பச் சொன்னாலும் அனுப்பக் கூடாது. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பம் போட்டுவிட வேண்டும், காத்திருப்போர் பட்டியல் நீளம்.

நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது, "பொம்பளப் புள்ள, லீவுல தனியா ஊர் ஊரா சுத்தப் போறேன்றா" என்பது. சுற்றட்டும் அக்கா. ஜெர்மன் மாணவர் அனுமதி அட்டையும் பாஸ்போர்ட்டும் இருந்தால் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் போகலாம். பிரான்ஸ், இத்தாலி, செக் குடியரசு எல்லாம் அதில் வரும். இங்கிலாந்து வராது, அதற்குத் தனி விசா. எந்த ஊரில் எந்த விடுதி, எந்த ரயில் என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கு முன்கூட்டி அனுப்பச் சொல்லுங்கள், அது போதும். காலேஜுக்கு இரண்டு பஸ் மாறித் தனியாகப் போய்வந்த பொண்ணு அவள்.

கருவாடு கொடுத்தனுப்பலாமா என்று கேட்டீர்களே, தாராளமாக! ஐரோப்பிய யூனியனுக்குள் மீன் பொருட்கள் ஒருவர் 20 கிலோ வரை கொண்டுபோகலாம். வாசனை வராமல் இறுக்கிக் கட்டுங்கள், கூட வருபவர்கள் பாவம். இறைச்சி, பால் பொருட்கள் எதுவும் கூடாது, நெய்யும் பால்கோவாவும் சேர்த்துத்தான். பச்சைக் கறிவேப்பிலையையும் எடுத்துவிடுவார்கள். குளிருக்கு இங்கே எம்.சி. ரோட்டில் ஒரு ஸ்வெட்டர் போதும், கனமான கோட்டு அங்கே பழையதாகவே மலிவாகக் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை அந்த நிறுவனத்திலிருந்து போன் வரும். "யோசிக்கிறோம்" என்று சொல்லாதீர்கள், திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். "இந்த வருடம் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். முன்பணமாக ஏதாவது கட்டியிருந்தால் ரசீதை எடுத்து வையுங்கள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொண்ணோடு வாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், இதுவரை வந்த செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் எல்லாம் வேண்டும். வருமானச் சான்றிதழ் பழையது என்றால் இந்த வாரமே இ-சேவை மையத்தில் புதுசுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பத்திரத்தைக் கொண்டுவர வேண்டாம், அது பீரோவிலேயே இருக்கட்டும்.