மிஞ்சிய தாளில் தைத்த நோட்டு கேவலமா?

பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைத் தைத்து ரஃப் நோட்டாகக் கொடுத்தால் பள்ளியில் கேவலமாகப் பார்ப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலர் பார்ப்பார்கள். என் பெரிய மகள் ஆறாவது படிக்கும்போது ஒரு டீச்சர் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டி, "வீட்ல புதுசு வாங்கித் தர மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி பிள்ளை சாப்பிடவே இல்லை. அப்படியும் நான் தைப்பதை விடவில்லை.

நாங்கள் கடலூர் திருப்பாப்புலியூர். 2015 மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த நோட்டெல்லாம் ஊறிவிட்டன. தூக்கிப்போட மனசு வரவில்லை. எழுதாத தாள்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் காயப்போட்டேன். காய்ந்ததும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நின்றன. இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி நான்கு நாள் விட்டேன். அதில் தைத்ததுதான் முதல் நோட்டு.

நடுவில் பின் அடித்த நோட்டில் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே தாள்தான். பின்னால் உள்ள வெற்றுத் தாளை இழுத்தால் முன்னால் எழுதியதும் சேர்ந்து வரும். அதனால் பின்னைக் கழற்றிவிட்டு, மடிப்போடு கத்தியால் அறுத்து ஒற்றைத் தாளாக்குங்கள். ஓரத்திலிருந்து அரை விரல் தள்ளி, கோணி ஊசியால் மூன்று ஓட்டை. நடு ஓட்டையில் ஆரம்பித்து மேலே, கீழே போய் நடுவிலேயே முடிச்சு. அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை போதும். பைண்டிங் செய்பவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது உண்டு. அது விஷம், வீட்டில் வேண்டாம்.

கரூர் பக்கம் புகழூர் காகித ஆலையில் கரும்புச் சக்கையிலேயே தாள் செய்கிறார்களே, இதில் எந்த மரம் பிழைத்தது என்று சிலர் கேட்பார்கள். சக்கையைக் கூழாக்கவும் தண்ணீரும் கரண்டும் வேண்டுமே. பழைய பேப்பர் கடைக்குப் போட்டாலும், மறுபடி அரைக்கும் ஒவ்வொரு தடவையும் நார் குட்டையாகிக்கொண்டே போகும். வெற்றுத் தாளை எதற்கு அரைக்க வேண்டும்?

பணமில்லாமல் செய்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். ஜூனில் புது நோட்டும் டஜன் கணக்கில் வாங்குகிறேன். இதைக் கஞ்சத்தனம் என்று நாலு பேர் முன்னால் சொன்ன சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். என் அப்பா பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்தில் நெல்லிக்குப்பத்தில் இருந்துகொண்டு ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மனசில் இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதானால் வகுப்பு டீச்சரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரியவளுக்கு நான் அதைச் செய்யாதது தப்பு. சின்னவளுக்குச் சொன்னேன், ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம், அட்டையைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். சின்னவள் இந்த மே மாதம் மயில் போட்ட பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டாள். மொத்தம் 210 பக்கம் தேறியது. பாதி தைத்தாகிவிட்டது, நூல்தான் தீர்ந்துபோச்சு.